காதைத் தொட்ட வயசு

ஸ்ரீபெரும்புதூரில் ரயில் நிலையம் கிடையாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் வராமல் இருந்திருப்பேனா என்ன? கிள்ளானில் ஒரு ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் ரத்தம் எடுத்தவள் நான். ஓய்வுக்கு ஒரு வருஷம் பாக்கி இருக்கும்போது, தமிழ் தெரியும் என்ற ஒரே தகுதிக்காக என்னை மலேசியாவிலிருந்து கிளப்பி இங்கே அனுப்பிவிட்டார்கள். எங்கள் டாக்டருக்குத் தமிழ் என்றால் எல்லாம் ஒரே தமிழ். முதல் நாள் காலையில் லாட்ஜ் மேனேஜர், "நாஷ்டா ஆச்சா மேடம்?" என்று கேட்டார். "பசியாறியாச்சு" என்றேன், எங்கள் ஊர் வழக்கப்படி. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

உண்மையில் பசியாறவில்லை. எதிர்க்கடையில் காலை ஏழு மணிக்கே பரோட்டா போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாயும் காலையில்தான், அதனால் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்த டீ! சர்க்கரையைக் கரைத்து மேலே கொஞ்சம் பாலைக் காட்டியிருந்தார்கள். நெஞ்சு நோயைப் பற்றி விசாரிக்க வந்தவளுக்கு நல்ல வரவேற்புதான். பக்கத்து மேசையில் வடநாட்டு இளைஞன் ஒருவன் போனில் தன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான். படம் பார்த்துக் கற்ற இந்தி எனக்குக் கொஞ்சம் உண்டு. "வயிறு நிறையச் சாப்பிட்டேன்மா, நன்றாகத் தூங்குகிறேன்மா, உடம்புக்கு ஒன்றுமில்லைமா" என்றான். அவன் முன்னால் ஒரு பன்னும் பாதி டீயும் இருந்தன.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு குழு இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வந்து, பிள்ளைகளின் கன்னத்துக்குள் பஞ்சைத் தடவி எடுத்துக்கொண்டு போனது. பஞ்சில் ஒட்டிய செல்களைப் பார்த்து ஒரு கணினி வயது சொல்லும். காலண்டர் வயதைவிட அந்த வயது கூடியிருந்தால், பிள்ளை உள்ளுக்குள் அவசர அவசரமாக மூப்படைகிறது என்று அர்த்தம். பசி, புகை, பயம் எல்லாம் சின்ன வயசிலேயே உடம்புக்குள் எழுதிவிட்டுப் போகிற எழுத்து அது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பின்னாளில் ரத்தக்குழாய் தடித்து இதயம் சீக்கிரம் கெடுமோ என்பது எங்கள் டாக்டரின் கேள்வி. அந்தப் பிள்ளைகள் இப்போது வளர்ந்து ஒரகடம் வரைக்கும் இருக்கிற கம்பெனிகளில் நிற்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து, மறுபடி பஞ்சு தடவி, ரத்த அழுத்தம் பார்த்து எழுதிக்கொண்டு வரவேண்டும்.

கையில் இரண்டு பட்டியல். முதல் பட்டியல், செல் வயது முந்திப் போனவர்கள். இவர்களுக்கு வருஷா வருஷம் சென்னையில் இதயப் பரிசோதனை உண்டு, தேவைப்பட்டால் வைத்தியமும் உண்டு. இரண்டாம் பட்டியல், இரண்டு வயதும் ஒத்துப்போனவர்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருப்பவர்கள். இவர்களுக்கு ஒரு தண்ணீர் பாட்டில்.

முகாம் போட இடம் பார்க்க வேண்டியிருந்தது. வடக்குப்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் சமுதாயக் கூடம் இருக்கிறது என்றார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நின்ற வெள்ளை பஸ்ஸைப் பார்த்து "ஒரகடமா?" என்றேன். டிரைவர் தலையை ஆட்டினார். ஏறிவிட்டேன். உள்ளே அத்தனை பேரும் ஒரே நிற யூனிஃபார்மில், கழுத்தில் அட்டையுடன், வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் இருபது வயசு இருந்தால் அதிகம். தூங்கும்போது ஒருத்தர் முகத்திலும் அந்த இருபது இல்லை. டிக்கெட் கேட்டு யாரும் வராதபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பஸ் ஒரு பெரிய கேட்டுக்குள் நுழைந்த பிறகுதான் வந்தது.

"ஏட்டி, யாரோ ஒரு பெரியம்மா தெரியாம கம்பெனி பஸ்ல ஏறிட்டாவ" என்று பின்னாலிருந்து ஒரு திருநெல்வேலிக் குரல் சிரித்தது. என் பக்கத்தில் தூங்கிய பெண் எழுந்து என்னைப் பார்த்தாள். ஒல்லியான பெண், கண்ணுக்குக் கீழே கருவளையம். "இருங்க ஆன்ட்டி, செக்யூரிட்டி திட்டுவாரு, நான் சொல்றேன்" என்று இறங்கி, காவலாளியிடம் ஏதோ சொல்லி என்னை வெளியே விட வைத்தாள். நன்றி சொல்லத் திரும்பினால் ஆள் இல்லை. பஞ்ச் அடிக்க ஓடிவிட்டாள்.

அங்கிருந்து பாபு என்கிற ஆட்டோக்காரர்தான் என்னைக் காப்பாற்றினார். மிச்ச நாட்களுக்கும் அவரையே வைத்துக்கொண்டேன். "செல்லுக்கு வயசு பாக்க வந்தேன்" என்றதும் அவர் சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்தார். "என் செல்லுக்கு ரெண்டு வருசம் ஆவுது மேடம். அதுக்குள்ள பேட்டரி நிக்கவே மாட்டேங்குது" என்றார். நான் சிரித்தேன். விளக்கிச் சொல்லத் தோன்றவில்லை. அவர் சொன்னதும் ஏறக்குறைய சரிதான்.

சாயங்காலம் லாட்ஜில் உட்கார்ந்து பட்டியலைப் புரட்டினேன். மே, மே, மே, ஜூன், மே. இந்த ஊரில் கத்திரி வெயிலில்தான் பிள்ளை பிறக்குமா? இதை எங்கள் டாக்டரும் பார்த்திருக்கிறார். வெயில் காலத்தில் பிறப்பதற்கும் செல்லுக்கும் ஏதாவது தொடர்பு இருக்குமோ என்று ஒரு கூட்டத்தில் கேட்டார். நாங்கள் எல்லோரும் மெனக்கெட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டோம்.

மறுநாள் கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்த முதல் ஆளிடம் பிறந்த தேதி கேட்டேன். "சர்டிபிகேட் வயசா மேடம், ஒரிஜினல் வயசா?" என்றான். இரண்டாவது ஆளும் அதையே கேட்டான். மூன்றாவதாக வந்தவள் கேட்டபோது என் பேனா நின்றுவிட்டது.

எனக்கல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும்? நான் பிறந்தது ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்தில். என் அடையாள அட்டையில் இருக்கும் தேதி, தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயர் பதியப் பட்டணம் போன தேதி. அவர் எப்போது போனாரோ அப்போதுதான் நாங்கள் பிறந்தோம். அப்பா நாற்பத்தாறு வயதில் ரப்பர் பால் வாளியோடு மரத்தடியில் விழுந்து செத்தார் என்கிறார்கள். அந்த நாற்பத்தாறும் எந்தக் கிராணி போட்டதோ!

"அடடே, பஸ்ல வந்த ஆன்ட்டி!" என்று ஒரு குரல். நேற்றைய பெண். பெயர் சௌமியா. கூடவே அவள் அம்மா மல்லிகா, பின்னால் அந்தத் தெருப் பெண்கள் நாலைந்து பேர். சௌமியாவின் பெயர் இரண்டாம் பட்டியலில் இருந்தது. முன்பு பஞ்சு எடுத்தபோது சர்டிபிகேட்டில் பத்து வயது, செல்லுக்கும் பத்து. பக்கத்தில் ஒரு பச்சை டிக்.

"ஒரிஜினல் வயசு என்னம்மா?" என்றேன். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல மல்லிகா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அது பெரிய கதை மேடம். நானும் இவ அப்பாவும் வாலாஜாபாத் பக்கம் செங்கல் சூளையில இருந்தோம். நாங்க கல்லு அறுப்போம், இவ பொகையிலயே படுத்துக் கெடப்பா. நாள் பூரா இருமல். அங்க ஏது பால்வாடி? ஸ்கூல்ல போட்டா சோறு கீது, முட்டை கீது, நெழலு கீது. ஆனா இவளுக்கு மூணரை வயசுதான். சுனாமி வந்துச்சே, அதுக்கு மறு வருசம் பெரிய மழையில சூளையெல்லாம் தண்ணி நின்னுச்சி பாரு, அப்ப பொறந்தவ. ஹெட்மாஸ்டரு இன்னா சொன்னாரு? 'பொண்ணு சின்னதா கீதே, காதைத் தொடச் சொல்லு பாக்கலாம்'னாரு."

வலது கையைத் தலைக்கு மேலே சுற்றிக் கொண்டுவந்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயசு முடிந்தது, பள்ளியில் சேரலாம். எங்கள் கணினிக்கு முன்னால் இந்த ஊரில் வயது சொன்ன இயந்திரம் இதுதான்.

"நான் வூட்லயே ஒரு வாரம் ட்ரைனிங் குடுத்துட்டேன். தலைய லைட்டா இப்டி சாய்ச்சா கை எட்டிடும். சாய்ச்சா பாரு எம் பொண்ணு, டக்குனு தொட்டுட்டா! அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புள்ளைங்க கொறைஞ்சா ஸ்கூல இழுத்து மூடிருவாங்கன்னு அவருக்கு பயம். மே மாசத்துல ஒரு தேதிய போட்டு அஞ்சு முடிஞ்சிச்சின்னு எழுதிட்டாரு. நான் மட்டும் அன்னிக்கு ஏத்திப் போடலன்னா…"

"இவ இன்னிக்கி கல்லுதான் தூக்கினு இருப்பா!" என்று பின்னால் இருந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்து முடித்தார்கள். தெருவுக்கே மனப்பாடமான கதை. மல்லிகாவும் சேர்ந்து சிரித்தாள். சௌமியா வெட்கத்தோடு உதட்டைச் சுளித்தாள்.

நான் சிரிக்கவில்லை. கழித்தல் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். சர்டிபிகேட்டில் பத்து என்றால் நிஜத்தில் எட்டரை. எட்டரை வயசுப் பிள்ளையின் கன்னத்தில் பத்து வயசுச் செல். அந்தப் பச்சை டிக் பச்சைப் பொய்.

கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தேன். நூற்றி ஐம்பத்தெட்டு. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து மறுபடி பார்த்தேன். ஐம்பத்தாறு. மூன்றாவது தடவை அறுபது. நிஜ வயசு பத்தொன்பதரை.

"தலைவலி வருமா?"

"நைட் ஷிஃப்ட் முடிஞ்சா வரும் ஆன்ட்டி. டீ குடிச்சா போயிடும்."

"கம்பெனி மெடிக்கல்ல பாக்கலையா?"

குரலைத் தாழ்த்தினாள். "அதுக்கு மொத நாள் லீவு போட்டுத் தூங்கிட்டுப் போவேன். கொறைஞ்சிடும். அன்ஃபிட்னு எழுதிட்டா லைன்ல நிக்க வுட மாட்டாங்க."

அவள் லைன் என்றது பெல்ட் ஓடுகிற லைனை. எங்கள் தோட்டத்தில் லயம் என்றால் வரிசை வீடு. அங்கே மண்டோர் என்கிற கங்காணி விரட்டினார், இங்கே சூப்பர்வைசர். அப்பாவைப் பற்றிக் கேட்டேன். மல்லிகாதான் பதில் சொன்னாள். "நாப்பது கூட ஆவல மேடம். நெஞ்ச புடிச்சிகினு குந்துனாரு. டீ குடிச்சா சரியாப் போயிடும்னு மேஸ்திரி டீ வாங்கியாரச் சொன்னாரு. டீ வர்றதுக்குள்ள ஆள் இல்ல."

மூன்றாம் நாள் காலையில் முதல் வேலையாக டாக்டருக்குப் போன் போட்டேன். ஆங்கிலத்தில் பேசியதன் சாரம் இது. இந்தப் பெண்ணை முதல் பட்டியலுக்கு மாற்ற வேண்டும் என்றேன். நிஜ வயதுக்கு ஆவணம் இருக்கிறதா என்றார். அம்மா சொல்கிறார் என்றேன். அம்மா ஆவணம் ஆகமாட்டார் என்றார். பள்ளியோ கம்பெனியோ வயதைத் திருத்தி எழுதிக் கொடுத்தால் மாற்றலாம் என்றார்.

"இவள் ஒருத்தி இல்லை டாக்டர். பட்டியலில் எத்தனை பேர் மே மாதத்தில் பிறந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "வயது சந்தேகம் என்று எழுதினால் அவளை இரண்டு பட்டியலிலிருந்தும் எடுத்துவிட வேண்டியதுதான். மற்றவர்களிடம் இதைக் கேட்க வேண்டாம். கேட்டால்தானே பதில் வரும்."

முப்பது வருஷம் டாக்டர்களிடம் வேலை பார்த்தவள்தான் நான். ஆனாலும் இது பொறுக்கவில்லை. அத்தனை தூரம் கடந்து வந்து பிள்ளைகளின் உடம்பில் ஒளிந்திருக்கும் உண்மையைத் தோண்டுகிறோமாம், அதை வாயால் சொன்னால் மட்டும் கேட்கக் கூடாதாம்!

மதியம் பாபு என்னைக் கம்பெனி ரோட்டு மெஸ்ஸில் இறக்கிவிட்டார். சௌமியாவை அங்கே வரச் சொல்லியிருந்தேன். அவள் சாம்பார் சாதத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். செல், வயசு, ரத்தக்குழாய், இரண்டு பட்டியல், எல்லாம். பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவள், சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"அப்போ நான் ஒரிஜினல் வயசுக்கு மாத்தினா அந்த ஹார்ட் டெஸ்ட் கெடைக்கும். அதானே?"

"ஆமாம்மா."

"நான் வேலைக்கு ஜாயின் பண்ணப்போ சர்டிபிகேட்ல பதினெட்டு முடிஞ்சிருந்துச்சி ஆன்ட்டி. ஒரிஜினலா பதினாறரை. இப்போ போய் மாத்துங்கன்னா ஃபைலைத் தொறப்பாங்க. அப்பறம் எந்த கம்பெனிலயும் கேட்டுக்குள்ள வுட மாட்டாங்க. அம்மாவுக்கு முட்டி போயிடுச்சி, எங்கயும் வேலைக்குப் போவ முடியாது." கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னாள்: "என் ஹார்ட்டுக்கு ஒரு வயசு, என் வேலைக்கு ஒரு வயசு. வேலையோட வயசே இருக்கட்டும் ஆன்ட்டி."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அப்புறம் கோபத்தை வைக்க வேண்டிய இடம் அதுவல்ல என்று தெரிந்து, புளித்த மோரைக் குடித்தேன் என்று எழுதினால் பொய். மோர் வாங்கவே இல்லை, அழுதேன். மெஸ்காரர் இன்னொரு தண்ணீர் டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் சௌமியாவுக்கு ஓவர்டைம் இருந்தது, மதியம் ஒரு மணிக்கு பஸ். அதற்குள் போய்விட வேண்டும் என்று பாபுவை விரட்டினேன். ஆய்வின் முத்திரை எதுவும் இல்லாமல், என் கையெழுத்தில், அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். பெயர், வயது பத்தொன்பதரை, தந்தை நாற்பதுக்குள் நெஞ்சுவலியில் இறந்தவர், மூன்று தடவை பார்த்த அழுத்தம். என்னால் முடிந்தது அவ்வளவுதான். அதற்காக அவ்வளவு தூரம் பறந்து வந்ததை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

சௌமியா உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தாள். மல்லிகா என்னை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு நேராகவே கேட்டாள். "மூணு நாளா நீங்க இவளையே சுத்திகினு கீறீங்க. எம் பொண்ணுக்கு இன்னா மேடம்? மறைக்காதீங்க."

மறைக்கக் கூடாது என்று ஒரு கொழுப்பு எனக்கு. டாக்டரிடம் காட்ட முடியாத வீரத்தை அங்கே காட்டினேன். அவளுக்குப் புரிகிற தமிழில் சொல்ல வேண்டுமே என்று, "உங்க பொண்ணோட உடம்புக்கு நிஜ வயசைவிட ஒன்றரை வயசு கூடிப்போச்சு. அதனால நெஞ்சைக் கவனமா பாத்துக்கணும்" என்றேன்.

மல்லிகா விரலை மடக்கி எண்ணினாள். முகம் மெல்ல மாறியது.

"ஒண்ணரையா?"

"ஆமாம்."

"நான் ஏத்திப் போட்டதும் ஒண்ணரைதானே மேடம்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாந்தான் தலைய சாய்ச்சிக்கோன்னு சொல்லிக் குடுத்தேன். அந்த வயசு அப்டியே ஒடம்புல ஏறிடுச்சா?"

பதறிப்போனேன். "ஐயோ, இல்லம்மா, இல்ல! பேப்பர்ல எழுதுறது உடம்புல ஏறாது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. குழந்தையா இருந்தப்போ சூளைப் புகை, பசி, அதனால வந்திருக்கலாம். நீங்க ஸ்கூல்ல போட்டதுதான் அவளைக் காப்பாத்துச்சு."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"சூளைக்குத் தூக்கினு போனதும் நான்தானே" என்றாள்.

ஒன்றைத் துடைக்கப் போய் அதைவிடப் பெரியதை அப்பிவிட்டேன். வறுமை, மேஸ்திரி, ஊர், உலகம் என்று பழியைப் போட ஆயிரம் இடம் இருந்தது. ஒன்றையும் அவள் எடுத்துக்கொள்ளமாட்டாள் என்று அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. சௌமியா அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கடிதத்தைக் கொடுத்தேன். படித்துப் பார்த்து, நாலாக மடித்து, டிபன் பாக்ஸ் பைக்குள் அடியில் வைத்தாள். "லீவு கெடைச்சா கண்டிப்பா போறேன் ஆன்ட்டி" என்றாள். அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சுவரைத் தாண்டி எல்லாம் கேட்டிருக்கிறது. ரெண்டு வீடு தள்ளிப் போனவள் திரும்பி வந்து, என் காதருகே குனிந்தாள்.

"என்கிட்ட சொன்னீங்க, ஓகே. அம்மாகிட்ட எதுக்கு ஆன்ட்டி சொன்னீங்க? அவங்க வாழ்க்கையிலயே செஞ்ச ஒரே கெட்டிக்கார வேலைன்னு அது ஒண்ணத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருந்தாங்க."

மறுபடி ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

மல்லிகா என்னைச் சாப்பிடாமல் போக விடவில்லை. கருவாட்டுக் குழம்பு. இரண்டு நாளுக்கு முன்னால் என்றால் ஊர்க் கருவாட்டோடு ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதியிருப்பேன். பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, என்னோடு கூட வந்திருந்த பாபுவைக் காட்டிச் சிரித்தாள்.

"இன்னா மல்லிகா, இந்த ஆட்டோக்காரருக்குக் காதைத் தொட்ட கதைய சொன்னியா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்று சொல்லிவிட்டு, மல்லிகா எனக்குச் சோறு எடுத்துவர உள்ளே போனாள்.